சிவப்பு முனை

செப்டம்பர் 26, வியாழன்

டாக்டர் எழுதச் சொன்னது சாப்பாட்டுக் கணக்கு. காலையில் என்ன, மத்தியானம் என்ன, வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு. ஹேமா நோட்டு வாங்கி வந்து முதல் பக்கத்தில் கோடு கூடப் போட்டுக் கொடுத்துவிட்டாள். பெற்ற மகள்தான், ஆனால் வார்டு நர்ஸ் போல மிரட்டுகிறாள்.

இட்லி நாலு, தேங்காய்ச் சட்னி. சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது. இதையே தினமும் எழுதினால் எழுதுகிறவனுக்கே கொட்டாவி வரும். அதனால் கம்பெனிக் கதையையும் சேர்த்து எழுதப்போகிறேன்.

கம்பெனி என்றால் குறிச்சி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறை. மெஷினில் ஓடி வருகிற ஒவ்வொரு இரும்புத் துண்டும் சென்னியப்பன் கையைத் தாண்டித்தான் வண்டி ஏற வேண்டும். நான் சரி என்றால் சரி. முதலாளி நந்தகோபாலே என் மேஜைக்கு வந்து நின்றுதான் கேட்பார்.

புது வேலை வந்திருக்கிறது. லிஃப்டின் கயிறு அறுந்தால் அது கீழே விழாமல் பிடித்து நிறுத்துகிற பிளாக். ஒரு இரும்புக் கட்டி, அதன் நடுவே ஒரு ஸ்லாட், அதாவது நீளமான பள்ளம். அந்த ஸ்லாட்டுக்குள் ஓர் ஆப்பு உட்கார்ந்திருக்கும். லிஃப்ட் தறிகெட்டு இறங்கினால் ஆப்பு மேலே ஏறித் தண்டவாளத்தைக் கவ்வும். ஸ்லாட் இறுக்கமாக இருந்தால் ஆப்பு நகராது. அகலமாக இருந்தால் சாய்ந்துகொள்ளும், கவ்வாது. அகலம் பதினாறு மில்லிமீட்டர். அதற்கு மேல் தலைமுடிப் பருமனில் பாதி கூடலாம், அவ்வளவுதான். வேலை கொடுத்த லிஃப்ட் கம்பெனிக்காரர், "ரெண்டு பக்கம் தப்பினாலும் ஆள் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சிரிக்கிற விஷயமா என்று எனக்குக் கோபம் வந்தது.

இந்த ஸ்லாட்டை எதை வைத்து அளப்பது என்பதில்தான் இன்று ரகளை. மிருதுளா என்று ஒரு மதுரைப் பெண், போன வருடம் சேர்ந்த இன்ஜினியர். உள் அளவு பார்க்கிற மைக்ரோமீட்டர் வாங்க வேண்டுமாம். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் வாயில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று எண் எடுத்துக் குறிக்க வேண்டுமாம். நான் தகடு கேஜ் போதும் என்றேன். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

செப்டம்பர் 28, சனி

முதலாளி பஞ்சாயத்து வைத்தார். மேஜை மேல் சாமான் எல்லாம் பரப்பி, மாதிரி பிளாக் ஒன்றை நடுவில் வைத்தார்கள்.

நகர்த்தி அளக்கிற வெர்னியர் அளவுகோலை முதலில் தள்ளிவிட்டோம். அதில் எனக்கும் மிருதுளாவுக்கும் சண்டை இல்லை. வெர்னியரின் மூக்கு ஸ்லாட்டின் வாயைத்தான் தொடும், உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஃபீலர் தகடு மெல்லிய சந்துக்கு ஆகும். பதினாறு மில்லிமீட்டருக்கு அதை அடுக்கினால் ஒரு கல்யாண ஆல்பம் ஆகிவிடும். மீதி இருந்தது அவள் கடையில் இரவல் வாங்கி வந்த மைக்ரோமீட்டரும் என்னுடைய கேஜும்.

அவள் மூன்று இடத்தில் அளந்தாள். உள்ளே போகப் போக ஸ்லாட் குறுகுகிறது என்று எண்ணோடு சொன்னாள். அதை நான் ஒப்புக்கொள்கிறேன், அழகாகத்தான் அளந்தாள். மைக்ரோமீட்டரைத் திருகும்போது விரல் நுனியில் மெல்லிய உரசல் ஒன்று தெரியும். அங்கே கை நிற்க வேண்டும். கொஞ்சம் கூடத் திருகினாலும் பொய் சொல்லும். அவளுக்குக் கை நின்றது.

"நீங்க ஒரு தடவை பாருங்க சார்" என்று என்னிடம் நீட்டினாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அத்தனை பேர் பார்க்க ஒரு சின்னப் பெண்ணோடு போட்டிக்கு நிற்க எனக்கு என்ன தலையெழுத்து?

பழைய வேலையின் கேஜ் ஒன்றை எடுத்து, அதற்குரிய துண்டில் விட்டுக் காட்டினேன். உள்ளே, வெளியே, முடிந்தது. முதலாளியின் முகம் மலர்ந்தது. தீபாவளிக்கு முன் முதல் லாட் சரக்கு மொத்தமும் போயாக வேண்டும், அவருக்கு வேகம் வேண்டும்.

மிருதுளா விடவில்லை. "சார், நம்பர் இருந்தா தப்பு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். இது தப்பு வந்தப்புறம்தான் சொல்லும்."

"எனக்கு நம்பர் வேண்டாம் அம்மிணி. உண்டா இல்லையா, அது தெரிஞ்சாப் போதும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கேஜுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

அக்டோபர் 1, செவ்வாய்

பஸ் ஸ்டாப்பிலிருந்து கம்பெனி வரை ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன். வாட்ச்மேன் சொல்லித்தான் பார்த்தேன். இந்தக் காலத்துச் செருப்பு காலிலேயே நிற்பதில்லை. மத்தியானம் தக்காளிச் சாதம். சர்க்கரை சரிதான்.

அக்டோபர் 7, திங்கள்

கேஜ் வந்துவிட்டது. உள்ளங்கை நீளத்தில் பளபளவென்று ஒரு எஃகுத் தகடு. ஒரு முனை வெறும் எஃகு, அது போக வேண்டியது. மறுமுனைக் கழுத்தில் சிவப்புச் சாயம், அது போகவே கூடாதது. மரப்பெட்டியில் வெல்வெட் துணி போட்டு வந்திருக்கிறது. பெண் பார்க்கப் போன மாதிரி எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இந்த வேலையை ஓட்டப்போவது திருமூர்த்தி. உடுமலைப் பக்கத்து ஆள், சின்னப் பேச்சு, பெரிய வேலை. மெஷினைத் துடைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவான். எனக்கு அவனைப் பிடிக்கும். பிடிக்கும் என்று அவனிடம் சொன்னதில்லை.

காலையில் ஹேமா காபியைக் கொடுத்துவிட்டு, டம்ளரைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்து அலறினாள். கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தாளாம், நான் டபராவில் ஆற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேனாம். விரல் சிவந்திருந்தது. முப்பது வருடம் சூடான இரும்பைப் பிடித்த கை, காபிக்கெல்லாம் பயப்படுமா?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கம்பெனியைக் கழுவி, மாவிலை கட்டி, மெஷின் ஒவ்வொன்றுக்கும் வாழைக்கன்று. பொரி, கடலை, சுண்டல். (சுண்டல் சர்க்கரைக்கு நல்லது, எழுதிக்கொள் ஹேமா.) மிருதுளா ஊருக்குப் போய்விட்டாள். திருமூர்த்தியின் மனைவி குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை மெஷின் பட்டனையெல்லாம் அமுக்கப் பார்த்தது.

அளக்கும் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது எப்போதும் என் வேலை. மற்றவற்றுக்கு ஒரு விரல் சந்தனம், ஒரு துளி குங்குமம். புதுக் கேஜ் இந்த வருடம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது, அதற்கு ஒரு விரல் போதுமா? இரண்டு முனைக்கும் இரண்டு பக்கமும் மூன்று விரலால் பட்டையாகப் போட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. முதலாளியே போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் லீவு, மழை வேறு தூறுகிறது. துரு பிடித்துவிடக் கூடாதே என்று மேலே காப்பு எண்ணெயை அடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மனசு நிறைந்திருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்குவேன்.

அக்டோபர் 14, திங்கள்

முதல் நாளே முரண்டு. திருமூர்த்தி ஓட்டிய முதல் பிளாக்கில் கேஜின் நல்ல முனை வாயிலேயே நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படியே.

அவன் வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு, "அளவு கரெக்டாத்தானுங்ணா காட்டுது" என்றான்.

வெர்னியர் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற சாமான், உள்ளே இருப்பது கேஜுக்குத்தான் தெரியும் என்று அவனுக்குப் பாடம் எடுத்தேன். முனையில் பிசிறு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விரலால் நன்றாகத் தடவியும் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது. பூஜைப் பொட்டு மட்டும் எண்ணெயில் ஊறிப் பழுப்பாகிவிட்டது. அதைத் துடைப்பதில்லை. சாமிக்கு வைத்தது தானாக உதிர வேண்டும், எங்கள் கம்பெனியில் முதலிலிருந்தே அப்படித்தான்.

ஸ்லாட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக ஓட்டச் சொன்னேன். அவன் தயங்கினான். "நான் சொல்றேன், வை" என்றேன். வைத்தான். கேஜ் உள்ளே போனது. திருப்பிச் சிவப்பு முனையை விட்டேன், போகவில்லை. இதுதான் வேண்டியது.

அக்டோபர் 16, புதன்

மளமளவென்று ஓடுகிறது. ஒன்று கூடத் தள்ளவில்லை. மிருதுளா ஊரிலிருந்து வந்து, நாலைந்து பிளாக்கை மட்டும் வேறு விதத்தில் அளந்து பார்க்கலாமே என்றாள். அதற்கு வேண்டிய ஸ்லிப் கேஜ் பெட்டி, துல்லியமான அளவுக் கட்டைகள் அடுக்கியது, வருடாந்திரச் சோதனைக்குப் போயிருக்கிறது, தீபாவளிக்குப் பிறகுதான் வரும். வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். பாவமாகவும் இருந்தது, திருப்தியாகவும் இருந்தது.

அக்டோபர் 19, சனி

வீட்டுத் தரையெல்லாம் ரத்தக் கறை. ஹேமா பின்னாலேயே தொடர்ந்து வந்து பார்த்தால் என் வலது கால்தானாம். மெஷினில் சீவி விழுகிற இரும்புச் சுருள் ஒன்று செருப்பைத் துளைத்துப் பெருவிரலுக்கு அடியில் நின்றிருக்கிறது. அவளே பிடுங்கினாள். பிடுங்கும்போது அவள்தான் பல்லைக் கடித்தாள்.

"வலிக்கலியாப்பா?"

"வலிச்சா சொல்ல மாட்டனா?"

மஞ்சள் வைத்துக் கட்டினாள். டாக்டரிடம் போகலாம் என்கிறாள். லாட் போகட்டும் என்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

லாட் போய்விட்டது. மரப்பெட்டிகளில் ஆணி அடித்து வண்டி ஏற்றியபோது எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி எனக்குத் தனியாக ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்தார். குட்டிக்கு, அதாவது ஹேமாவின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு துண்டு மட்டும் நான்.

இப்போதெல்லாம் கேஜ் முன்னைவிட லேசாக உள்ளே போகிறது. திருமூர்த்திக்கு வேலை கைவந்துவிட்டது.

அக்டோபர் 29, செவ்வாய்

என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பெட்டியில் இடமில்லாமல் மீந்த பிளாக்குகள் சில அலமாரியில் இருந்தன. நானே பார்த்துச் சரி என்று ஒதுக்கியவை. அடுத்த லாட்டோடு அனுப்ப எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று கேஜை விட்டேன். நல்ல முனை கொட கொடவென்று ஆடியது. திருப்பினேன். சிவப்பு முனை உள்ளே போனது.

தடையே இல்லாமல், சிவப்புச் சாயம் மறைகிற வரை போனது. வேறொன்றில் விட்டேன். அதிலும் போனது. எல்லாவற்றிலும் போனது.

முதலாளியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்க வேண்டாமோ என்னவோ. எப்போது ஓட்டினது என்று கேட்டார். லாட் போன பிறகு ஓட்டியவை என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட அப்படித்தான். திருமூர்த்தியை அழைத்துவரச் சொன்னார். கத்தினார். ஸ்லாட் இவ்வளவு அகலமாகப் போயிருக்கிறதே, கண் எங்கே போயிற்று, லாட்டில் இப்படி ஒன்று போயிருந்தால் என் கதி என்ன என்றார்.

திருமூர்த்தி என்னைத்தான் பார்த்தான். "அண்ணன் வெக்கச் சொன்ன அளவுதானுங்க வெச்சேன். அதுக்கப்புறம் தொடவே இல்லீங்க."

முதலாளியும் என்னைப் பார்த்தார். நான் கேஜைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை, அதில் கவனமாக இருந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து சொல்லி அனுப்புகிறேன் என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் போகுமுன் மெஷினைத் துடைத்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. குட்டி மத்தாப்புக் கொளுத்தினாள். எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 4, திங்கள்

எல்லோருக்கும் முன்னால் கம்பெனிக்குப் போனேன். கேஜ் பெட்டியைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வெல்வெட் துணியில் பழுப்பாகத் தூள் உதிர்ந்து கிடந்தது. கேஜின் சிவப்புக் கழுத்தை ஒட்டி, மூலையில், அரக்குப் போல ஒரு பட்டை இன்னும் மிச்சம் இருந்தது. நகத்தால் சுரண்டினேன். மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசம்.

கேஜை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்தேன். பெட்டியையும் தட்டிச் சுத்தம் செய்தேன். மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலைதான். துடைத்த பஞ்சைப் பஸ் ஸ்டாப்புக்கு வரும் வழியில் சாக்கடையில் போட்டேன்.

நவம்பர் 6, புதன்

ஸ்லிப் கேஜ் பெட்டி வந்துவிட்டது. மிருதுளா முதல் காரியமாக என் கேஜைத்தான் சோதித்தாள். அணு அளவு கூடப் பிசகில்லை. "சாரி சார், நான் உங்க கேஜைச் சந்தேகப்பட்டேன்" என்றாள். பரவாயில்லை அம்மிணி என்றேன். கேஜ் சரி, லாட் அந்தக் கேஜைத் தாண்டித்தான் போயிருக்கிறது, ஆகவே லாட்டும் சரி என்று முதலாளி பெருமூச்சு விட்டார்.

அவள் மட்டும் மீந்த பிளாக்குகளை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். கடைசியில் என் மேஜைக்கு வந்தாள்.

"எல்லாமே ஒரே அளவு தப்பா இருக்கு சார். மெஷின் கெட்டுப்போனா இல்ல ஆள் அசந்தா ஒண்ணு கூடுதலா, ஒண்ணு குறைவாத்தானே இருக்கும்? யாரோ அளவு பாத்துத் தப்புப் பண்ணின மாதிரி இருக்கு."

சில சமயம் அப்படியும் வரும் என்றேன். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சர்க்கரைக்கு அப்படித்தான் நாக்கு வறளும்.

கயிறு அறுந்தால்தானே? லிஃப்ட் கயிறு தினமுமா அறுகிறது? தவிர, பொருத்தும்போது சோதித்துப் பார்க்காமலா இருப்பார்கள்?

நவம்பர் 12, செவ்வாய்

பஸ் ஸ்டாப்பில் திருமூர்த்தி. வேறு எங்கோ தினக்கூலிக்குப் போகிறான் போலிருக்கிறது, டிபன் தூக்கு வைத்திருந்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவனே வந்தான்.

"காலு வீங்கியிருக்குதுங்ணா. ஆசுபத்திரிக்குப் போனீங்களா?"

போகிறேன் என்றேன். அவனுடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

நவம்பர் 18, திங்கள்

கட்டைப் பிரித்த ஹேமா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பெருவிரல் கறுத்திருக்கிறது. இழுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டியது. வார்டு நாலாவது மாடி, ஆபரேஷன் தியேட்டர் ஆறாவது மாடி.

சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டில் ஏற்றினார்கள். புது லிஃப்ட், கண்ணாடி போல மின்னுகிறது. ஹேமாவுக்கு ஒரே சந்தோஷம், "சத்தமே இல்லப்பா" என்கிறாள். கதவு மூடியதும் எதிரே ஒரு பித்தளைத் தகடு. எங்களுக்கு வேலை கொடுத்த லிஃப்ட் கம்பெனியின் பெயர்.

எப்போது போட்டார்கள் என்று லிஃப்ட் ஓட்டுகிறவரிடம் கேட்டேன். "தீபாவளி கழிச்சுத்தானுங்க மாட்டுனாங்க. போன வாரந்தான் ஓட உட்டாங்க."

எத்தனையோ பட்டறையில் பிளாக் செய்கிறார்கள். இது எங்களுடையது என்று எப்படிச் சொல்ல முடியும்? நாலாவது மாடி வரும்வரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

சின்ன வயசு டாக்டர் ஒருவர் வந்தார். கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இந்த இழை பட்டது தெரிந்தால் ஆமாம் என்று சொல்லுங்கள் என்றார். கேஜுதான். மனுஷனுக்கும் கேஜ் வைத்திருக்கிறார்கள். உண்டா, இல்லையா.

கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நேரம் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று "ஆமா" என்றேன். மறுபடி கொஞ்சம் விட்டு "ஆமா" என்றேன்.

"ஐயா, நான் இன்னும் தொடவே இல்லைங்க" என்றார்.

கண்ணைத் திறந்தேன். அவர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஹேமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் என் கையைப் பிடித்து விரல் நுனியெல்லாம் சோதித்தார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். வருடக்கணக்காக என்று நான் சொல்லவில்லை. அவரே எழுதிக்கொண்டார்.

நாளை மறுநாள் ஆபரேஷன். விரல் மட்டும் போகுமா, பாதமும் போகுமா என்று உள்ளே பார்த்துத்தான் சொல்வார்களாம்.

நவம்பர் 20, புதன்

காலையில் ஹேமா குட்டியைக் கூட்டிவந்தாள். குட்டிக்கு லிஃப்ட் பிடித்துவிட்டது, இரண்டு தடவை மேலும் கீழும் போய்விட்டு வந்து என்னிடம் கதை சொன்னாள். மத்தியானம் கிளம்பினார்கள். என் கட்டிலிலிருந்து பார்த்தால் வராந்தாவும் லிஃப்ட் கதவும் தெரியும். குட்டி ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினாள். கதவு திறந்தது. உள்ளே ஏற்கெனவே ஸ்ட்ரெச்சர் ஒன்று, நாலைந்து பேர்.

நான் கத்திவிட்டேன். இந்த வயதில் அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருக்கிறது என்று தெரியாது. "ஏறாதே! ஹேமா, ஏறாதே!" ஊசி போட்டிருந்த கையை இழுத்துக்கொண்டு இறங்கப் பார்த்துக் கீழே விழுந்தேன். ஹேமா குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். லிஃப்ட் அந்த நாலைந்து பேரோடு கீழே போய்விட்டது. அது கீழே போய் நின்று மணி அடிக்கிற வரை நான் மூச்சு விடவில்லை.

"ஏம்ப்பா? என்னாச்சு?"

சந்தனத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். கேஜில் பட்டை போட்டது, திருமூர்த்தியை அகலமாக ஓட்டச் சொன்னது, விரலால் தடவிப் பார்த்தும் தெரியாமல் போனது, அப்புறம் தெரிந்தபிறகு துடைத்தது. பஞ்சைச் சாக்கடையில் போட்டது வரை. நர்சும் நின்று கேட்டாள். ஹேமா என்னைத் திட்டவில்லை. குட்டியின் தலையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தெரிஞ்சுமா எங்களை ரெண்டு நாளா இதுல விட்டீங்க?"

போனை வாங்கி மிருதுளாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், எத்தனை நாள் போச்சு" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 21, வியாழன்

சர்க்கரை 312. எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

நேற்று சாயங்காலமே லிஃப்ட் கம்பெனி மெக்கானிக்குகள் வந்தார்கள். மணல் மூட்டைகளை ஏற்றி, வேகமாக இறக்கிப் பார்த்தார்களாம். மாட்டிய புதிதில் சோதித்தபோது பிடித்திருக்கிறது. ஒரு வாரம் ஓடியதில் ஆப்பு சாய்ந்துபோய், இப்போது கவ்வவில்லை. வழுக்கிக்கொண்டே போய்க் கீழே இடித்திருக்கிறது. அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. கட்டில் அதிர்ந்ததாக ஹேமா சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஆறாவது மாடிக்கு என்னை நாலு பேர் படியேறித் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்.

மிருதுளா கம்பெனியிலிருந்து பேசினாள். இனிமேல் கம்பெனியில் யாரும் என் பெயரையே எடுக்கக் கூடாது என்றுவிட்டாராம் முதலாளி. திருமூர்த்தி வீட்டுக்கு அவரே போயிருக்கிறாராம். வருவானா என்று தெரியவில்லை என்றாள். அவன் வராவிட்டாலும் நியாயம்தான்.

லாட் எங்கெங்கே போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு இடமாக லிஃப்டை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் நிறுத்தியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. நாமக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். கீழே சாப்பாட்டுக்கூடம், மூன்றாவது மாடியில் மணமேடை. லிஃப்ட் கம்பெனி ஆள் சேலத்திலிருந்து வண்டியில் போய்க்கொண்டிருக்கிறாராம்.

விடிந்ததிலிருந்து மண்டபத்துக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்று முகூர்த்த நாள். மேளச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை.